காகத்துக்கு வைத்த சோறு

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஐந்தாறு வருடம் இருக்கும். நானும் கணவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் வந்த முதல் கோடை. மொன்ட்ரியாலில் வில்லரே பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். நான் பத்தொன்பது வருடம் தையல் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்கு சிப் வைத்துத் தைத்தவள். அவர் பிஸ்கட் தொழிற்சாலையில் இரவும் பகலும் மாறி மாறி வேலை செய்தவர். இரண்டு பேருக்கும் ஒன்றாக லீவு கிடைப்பதே அருமை. கிடைத்தாலும் அந்த வாரம் பார்த்து டொரொன்டோவில் யாருக்காவது கலியாணம் வந்துவிடும். எங்களுக்குக் கனடா என்றால் வீடு, வேலை, கோயில், டொரொன்டோவுக்குப் போகிற நெடுஞ்சாலை, அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் ஒரு பெரிய வரைபடத்தை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். மூன்று கிழமை, இருபத்தொரு நாள் பயணம். ஆற்றோரமாகவே கஸ்பே வரை போய், அங்கிருந்து நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு, கடைசியாகக் கேப் பிரெட்டன். வழியில் இருக்கிற தேசியப் பூங்கா ஒவ்வொன்றிலும் கூடாரம் போட்டுத் தங்குவதாகத் திட்டம். "முகாமிலை இருந்து தப்பி வந்தவளுக்குக் காசு கட்டித் திரும்பவும் கூடாரத்துக்குள்ளை படுக்க விசரே?" என்று கேட்டேன். கடைசியில் எங்கள் பழைய வானின் பின் இருக்கைகளைக் கழற்றி மெத்தை போட்டுக்கொள்வது என்று சமாதானமானோம்.

பயணத்தின் முதல் மூன்று நாளும் நன்றாகவே போனது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆறு. ஆறு என்றுதான் பெயர், மட்டான் என்ற ஊரைத் தாண்டினால் அக்கரை கண்ணுக்குத் தெரியாது. காட்சி பார்க்கிற இடம் என்று எங்கே பலகை கண்டாலும் இவர் வானை நிறுத்திவிடுவார். இறங்கி, அங்கே எழுதியிருப்பதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்து, படம் எடுத்து, திரும்பி வந்து எனக்குச் சொல்லுவார். நான் வானுக்குள் இருந்தபடியே "ஓம், ஓம்" என்று கேட்பேன். நாற்பது வருடத்தில் அவர் இவ்வளவு கதைத்து நான் கண்டதில்லை.

நாலாம் நாள் ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாதவர்கள் விரதம் இருக்கிற நாள். நாங்கள் புறப்படும் தேதி முடிவானபோதே அது வழியில் வரும் என்று தெரியும். பயணத்தைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். அவர்தான், எங்கே இருந்தாலும் செய்யலாம் என்றார். மாமனார் இறந்தபோது ஊரில் சண்டை. இவரால் போக முடியவில்லை. மூத்த பிள்ளையாக இருந்தும் கொள்ளி வைக்கவில்லை. அதனால் ஆடி அமாவாசையை மட்டும் ஒரு வருடமும் விட்டதில்லை. ஆனால் ஒரு குறை இருந்தது. விரதச் சோற்றைக் காகத்துக்கு வைத்து, அது சாப்பிட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிடவேண்டும். மொன்ட்ரியாலில் எங்கள் பல்கனிக்குக் காகம் வருவதில்லை. அணில்தான் வரும். மாமனார் இந்த நாட்டில் அணிலாகிவிட்டார் என்று ஒருமுறை பகிடி விட்டேன். அன்று முழுக்க இவர் என்னோடு கதைக்கவில்லை.

கஸ்பே பக்கத்தில் இருந்த பூங்காவுக்கு அமாவாசைக்கு முதல் நாள் மாலை போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒரு தாளைத் தந்து கையெழுத்து வாங்கினார்கள். கரடிகள் இருக்கிற இடம். சாப்பாடோ, சாப்பாடு மணக்கிற எந்தச் சாமானோ வெளியே இருக்கக்கூடாது. சமைத்து முடிந்ததும் அடுப்பு, சட்டி, குப்பை எல்லாம் வாகனத்துக்குள். பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட நிலத்தில் ஊற்றக்கூடாது. எங்கள் இரண்டு பேரில் எனக்குத்தான் பிரெஞ்சு கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஒரு வரி விடாமல் வாசித்து அவருக்கும் சொன்னேன். சொன்னபடியே நடந்தேன். பற்பசையையும் சவர்க்காரத்தையும்கூட வானுக்குள் வைத்துப் பூட்டினேன். பக்கத்து இடத்தில் இரண்டு சின்னப் பெண் பிள்ளைகளோடு ஓர் இளம் தம்பதி கூடாரம் போட்டிருந்தார்கள். அவர்களுடைய மேசையில் சிப்ஸ் பை ஒன்று திறந்தபடி கிடந்தது. "உவையள் இந்த நாட்டிலை பிறந்தும் வாசிக்கத் தெரியாதவையோ?" என்று இவரிடம் முணுமுணுத்தேன்.

அமாவாசையன்று காலை இவர் கடலில் முழுகப் போனார். ஊரில் என்றால் கீரிமலையில் முழுகுவார்கள். இங்கே ஆடி மாதத்திலும் தண்ணீர் பனிக்கட்டிதான். மூன்று முறை தாழ்ந்து எழும்பிவிட்டு, பல் கிடுகிடுக்க ஓடி வந்தார். நான் காஸ் அடுப்பில் சமைத்தேன். சோறு, நெய் விட்ட பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய், பொரித்த பாவற்காய், உழுந்து வடை, பாயசம். ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய் வேண்டும், அதற்கு நான் எங்கே போக? பாவற்காயோடு மாமனார் சமாளிக்கட்டும் என்று விட்டேன். வாழையிலையை மொன்ட்ரியாலிலிருந்தே ஈரப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். மாமனாரின் சின்னப் படம் ஒன்றை வைத்துப் படைத்து, ஒரு கல்லின் மேல் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டோம்.

பிறகு காகத்தைப் பார்த்து இருந்தோம். பன்னிரண்டு மணி ஆனது, ஒரு மணி ஆனது. மரத்து உச்சியில் ஒன்று இருந்தது. எங்கள் ஊர்க் காகத்தைப்போல இரண்டு மடங்கு பெரிது. தொண்டையில் ஏதோ சிக்கினமாதிரி ஒரு குரல். அது இறங்கி வருவதாக இல்லை. இவர் முதல் நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நீரிழிவுக்காரர் வேறு. எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்களுக்குப் பயந்துதான் வராமல் இருக்கிறது என்று, இலையைத் தூக்கிக்கொண்டுபோய் எங்கள் இடத்துக்குப் பின்னால், மரங்கள் தொடங்குகிற ஓரத்தில் வைத்தேன். இன்னும் கொஞ்சம் நெய்யும் பாயசமும் விட்டேன். பிறகு "கா, கா" என்று கூப்பிட்டேன். பக்கத்துப் பிள்ளைகள் இரண்டும் விளையாட்டை விட்டுவிட்டு என்னையே பார்த்தன.

அந்தக் காகம் வந்தது. வடையைக் கொத்திக்கொண்டு பறந்தது. போய்விட்டு மறுபடியும் வந்தது. இவர் கைகட்டி நின்றபடி அழுதார். "அப்பா வந்திட்டார்" என்றார். எனக்கும் கண் கலங்கியது. பிறகுதான் நாங்கள் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்து ஒரு பருக்கை விடாமல் மேசையைத் துடைத்தேன். சட்டிகளை எடுத்து வைத்தேன். இலையில் மிஞ்சியது அங்கேயே கிடந்தது. காகத்துக்கு வைத்ததைப் போய் எடுத்து எறிகிற வழக்கம் எங்களிடம் இல்லை. இதை வாசிக்கிறவர்கள், அந்தத் தாளை ஒரு வரி விடாமல் வாசித்தவளுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அது வெளியே கிடக்கிற சாப்பாடு என்று எனக்குப் படவேயில்லை. அது மாமனாருடையது.

மாலை ஆறு மணி. வெயில் இன்னும் இருந்தது. இவர் சட்டிகளைக் கழுவப் பொதுக் கழுவும் இடத்துக்குப் போயிருந்தார். பக்கத்து இடத்துப் பெண் திடீரென்று கத்தினாள். எழும்பிப் பார்த்தால், எங்கள் இடத்துக்குப் பின்னால் ஒரு கருங்கரடி. பெரிதில்லை. ஒரு நாயைவிடக் கொஞ்சம் பெரிது. இலையின் ஓரத்தை முன்காலால் அமத்திப் பிடித்துக்கொண்டு பாயசத்தை நக்கிக்கொண்டிருந்தது. அவளுடைய கணவன் சட்டியில் தட்டினான். சுற்றியிருந்தவர்களும் தட்டினார்கள். கரடி வெருண்டு காட்டுக்குள் ஓடியது. அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக் காருக்குள் விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஓடிப்போய்க் கிழிந்த இலையை அள்ளிப் பையில் போட்டு வானுக்குள் ஒளித்தேன். ஒளித்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

பத்து நிமிடத்தில் பூங்கா அதிகாரி வந்தாள். எங்கள் மகளின் வயது இருக்கும். முடியைப் பின்னி, பச்சைச் சீருடை போட்டு, இடுப்பில் பெல்ட்டும் வானொலியும். நேராக என்னிடம்தான் முதலில் வந்தாள். வெளியே ஏதாவது சாப்பாடு வைத்தீர்களா என்று கேட்டாள்.

"நோன்", இல்லை என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. கேள்வி முடியும் முன்பே வந்துவிட்டது. ஊரில் சீருடை போட்ட யார் வந்து எதைக் கேட்டாலும் இல்லை, தெரியாது, காணவில்லை என்று சொல்லிப் பழகிய வாய். அப்படிச் சொன்னதால்தான் நாங்கள் உயிரோடு வந்து சேர்ந்தோம். அதோடு, கழுவும் இடத்தில் சட்டி கழுவிக்கொண்டிருக்கிற மனிதரின் முகமும் மனதில் வந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த ஒரு நாள். அதைப் பிழை என்று நான் எப்படிச் சொல்வது?

அதிகாரி பக்கத்து இடத்துக்குப் போனாள். சிப்ஸ் பையையும் மேசைக்குக் கீழே இருந்த குளிர்ப் பெட்டியையும் பார்த்தாள். பிள்ளைகளின் தகப்பன், அந்த இளம் பெடியன், பெட்டி பூட்டித்தான் இருந்தது என்று கையை விரித்து விரித்துச் சொன்னான். அவள் கேட்கவில்லை. எச்சரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். போகும் முன் எல்லோரும் கேட்கும்படி ஒன்று சொன்னாள். இது ஒன்றரை வயதுக் கரடி, இப்போதுதான் தாயை விட்டுப் பிரிந்திருக்கிறது. ஒருமுறை மனிதச் சாப்பாடு கிடைத்தால் தற்செயல் என்று போய்விடும். இரண்டாம் முறையும் அதே இடத்தில் கிடைத்தால் பழகிவிடும், ஆட்களுக்குப் பயப்படாது. பிறகு அதைச் சுடுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. யாருக்காவது ஏதாவது நினைவு வந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். நான் வானின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

இவர் திரும்பி வந்ததும் கேட்டார். காகத்துக்கு வைத்தது அங்கேதானே என்றார். "அதெல்லாத்தையும் காகம் அப்பவே திண்டு முடிச்சிட்டுது. உவையின்ர சிப்ஸுக்குத்தான் வந்தது" என்றேன். நம்பிவிட்டார். நாற்பது வருடமாக என்னை நம்பிப் பழகியவர். இலைதான் போய்விட்டதே, இனி அங்கே என்ன இருக்கிறது என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். மண்ணில் ஊறிய நெய்யை நான் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைத்திருந்தேன். கரடி வந்தது. இந்த முறை அங்கே இங்கே பார்க்கவில்லை. நேராக அந்த ஓரத்துக்குப் போய் நிலத்தைக் கிண்டி, மண்ணோடு சேர்த்து நக்கியது. சட்டியைத் தட்டினோம். தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் நக்கியது. அதிகாரியும் இன்னொருவரும் வந்து வெடி ஒன்றை வெடித்த பிறகுதான் போனது. அதுவும் ஓடவில்லை, நடந்தே போனது.

இவர் கரடியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீர் நேற்று அவையிட்டை என்ன சொன்னனீர்?"

"ஒண்டும் வைக்கேல்லை எண்டு."

"அப்பான்ர பேரிலை வைச்ச சோத்தாலை ஒரு சீவன் சாகிறதோ? வாரும், போய்ச் சொல்லுவம்."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் சண்டை பிடித்திருப்பேன். அவருக்கு முன்னால் நான் நடந்தேன். இதையாவது நானே சொல்லவேண்டும் என்றிருந்தது.

அதிகாரி கொப்பி ஒன்றை எடுத்து, என்னென்ன வைத்தேன், எவ்வளவு வைத்தேன், எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். யாருக்காக வைத்தது என்று கேட்டாள். கணவரின் தகப்பனுக்கு என்றேன். அவர் எங்கே என்று சுற்றிப் பார்த்தாள். இறந்துவிட்டார் என்றேன். அப்படியென்றால் காகம் எதற்கு என்றாள். தையல் தொழிற்சாலையில் பழகிய பிரெஞ்சில் இதை எப்படி விளக்குவது? சொல்லி முடித்தபோது அவள் சிரிக்கவில்லை. நேற்று ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டாள். பயம் என்றேன். எதற்குப் பயம் என்றாள். உன்னுடைய உடுப்புக்கு என்று அவளுடைய சட்டையைக் காட்டினேன். அவள் குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள்.

பிறகு வேலையில் இறங்கினார்கள். மண்வெட்டி கொண்டுவந்து அந்த இடத்தை ஒரு முழ ஆழத்துக்கு வெட்டி, மண்ணைப் பைகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். வேறு மண் போட்டு ஏதோ மருந்து தெளித்தார்கள். எங்கள் வரிசையில் இருந்த கூடார இடங்களில் இனி யாரும் தங்கக்கூடாது என்று மூடினார்கள். பக்கத்துக் குடும்பத்தின் சீட்டை வாங்கிக் கிழித்துவிட்டு எங்களுக்கு எழுதினார்கள். அந்தத் தம்பதி கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெடியன் பரவாயில்லை என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவனுடைய மனைவி பிள்ளைகளின் சப்பாத்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

புறப்படும்போது அதிகாரியிடம், அது தப்பிவிடுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். சிலது மறந்துவிட்டுக் காட்டுக்குள் போய்விடும், சிலது போகாது. நேற்றே தெரிந்திருந்தால் நேற்றே மண்ணை அள்ளியிருப்போம் என்றாள். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தொலைபேசி இலக்கம் எழுதித் தந்தாள்.

பயணத்தை நாங்கள் நிறுத்தவில்லை. நியூ பிரன்ஸ்விக்கில் கடல் வற்றி வெறும் தரையாகிற இடத்தில் நடந்தோம். தீவில் சிவப்பு மண் ரோட்டில் ஓடினோம். இவர் பலகைகளைக் கண்ட இடத்தில் நிறுத்தத்தான் செய்தார், வாசித்துவிட்டு எனக்குச் சொல்லவில்லை. தீவிலிருந்து ஒருமுறை போன் எடுத்தேன். இரண்டு நாளாக அது வரவில்லை, நல்ல சகுனம் என்றார்கள். அன்று இரவு இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

கேப் பிரெட்டனில் மலையைச் சுற்றிப் போகிற அந்த அழகான ரோட்டில், ஒரு கடை வாசலில் போன் கூண்டு இருந்தது. இவர் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க, போன் அட்டையைக் கீறி இலக்கத்தை அடித்தேன். அந்த அதிகாரியே எடுத்தாள். நான் யார் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. பூங்காவின் இன்னொரு பக்கத்தில், ஒரு குடும்பம் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைக்கு மேலேயே கரடி ஏறிவிட்டதாம். கத்தியும் போகவில்லையாம். சுட்டுவிட்டோம் என்றாள். எங்கள் சோற்றாலா என்று கேட்டேன். அதனால்தான் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றாள். அழைத்ததற்கு நன்றி சொன்னாள்.

போனை வைத்துவிட்டு நின்றேன். இவரிடம், இன்னும் ஒன்றும் தெரியவில்லையாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தப் பழக்கம் அவ்வளவு லேசில் போகாது. பிறகு கிட்டப் போய் உள்ளதைச் சொன்னேன்.

அவர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பா கிடாய் வெட்டுற வேள்விக்கே போகாத மனிசன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பயணப் படங்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும், கரடி கண்டீர்களா என்றுதான் முதலில் கேட்டார்கள். ஆரம்பத்தில் ஓம், ஒன்று கண்டோம் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுவேன். இப்போது இருந்து முழுவதையும் சொல்கிறேன், நான் சொன்ன இரண்டு பொய்களையும் சேர்த்து. சோறு வைத்தது தெரியாமல் செய்த பிழை, அதற்காக என்னை நான் நொந்துகொள்வதில்லை. ஆனால் அந்த மாலை ஆறரை மணியிலிருந்து மறுநாள் காலை ஏழு மணி வரை அந்தக் கரடியைக் காப்பாற்றக்கூடியவள் பூமியில் நான் ஒருத்திதான் இருந்தேன், நான் வானின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன் என்பதை எத்தனை பேரிடம் சொன்னாலும் என் மனம் ஆறுவதாக இல்லை.